ஃப்ரெஞ்ச்க்ளென்: ஒரு மாட்டுப்பண்ணை ஊரின் வரலாறு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஃப்ரெஞ்ச்க்ளென் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், ஹார்னி மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்து நகரம் என்றால் பர்ன்ஸ்தான். அதுவே வடக்கே சுமார் 60 மைல். 205ஆம் எண் சாலையில் தெற்கே வந்தால் ஊர் வந்துவிடும். ஒரு விடுதி, ஒரு கடை, ஒரு சிறிய பள்ளிக்கூடம், சில வீடுகள், அவ்வளவுதான் ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

ஆரிகன் என்றதும் போர்ட்லண்டின் மழையும் உயர்ந்த காடுகளும் நினைவுக்கு வரும். அதெல்லாம் மேற்கே. காஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே மழைமறைவுப் பிரதேசம். சேஜ் புதரும் கருங்கல் போன்ற எரிமலைப் பாறையும்தான் கண்ணுக்கெட்டும் தூரம் வரை. ஹார்னி மாவட்டத்தின் பரப்பு பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல். மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடவில்லை.

இவ்வளவு வறண்ட இடத்தில் மாட்டுப்பண்ணை எப்படி வந்தது?

ஊரின் மொத்த வரலாறும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஊருக்குத் தென்கிழக்கே ஸ்டீன்ஸ் மலை. உயரம் 9,733 அடி. கிழக்குப் பக்கம் செங்குத்தாக ஆல்வர்ட் பாலைவனத்தில் இறங்குகிறது. மேற்குப் பக்கமோ மெல்லச் சரிந்து பல மைல் தூரம் படிந்து வருகிறது. குளிர்காலத்தில் இந்த மேற்குச் சரிவில் விழும் பனி, வசந்தத்தில் உருகி டானர் உண்ட் பிளிட்சன் என்ற ஆறாக வடக்கே ஓடுகிறது. இடியும் மின்னலும் என்று பொருள்படும் ஜெர்மன் பெயர். 1864இல் புயலுக்கு நடுவே ஆற்றைக் கடந்த ராணுவத்தினர் வைத்தது. உள்ளூரில் வெறும் பிளிட்சன் என்பார்கள்.

இந்த ஆறு கடலுக்குப் போவதில்லை. பள்ளத்தாக்கில் பரவி, மல்யூர் ஏரியில் போய் முடிகிறது. ஏரிக்கு வடிகால் இல்லை. அதனால் பள்ளத்தாக்கு முழுக்க வசந்தத்தில் தண்ணீர் தேங்கும், கோடையில் இடுப்பளவுக்குப் புல் வளரும். உழவு வேண்டாம், விதை வேண்டாம். சுற்றிலும் லட்சக்கணக்கான ஏக்கர் வறண்ட மேய்ச்சல் தரை. நடுவே ஒரே ஒரு பச்சைப் பட்டை. கோடையில் மாடுகளை மலைமேல் ஏற்றி மேய்க்கலாம், குளிர்காலத்தில் கீழே இறக்கிப் பள்ளத்தாக்கின் காய்ந்த புல்லைப் போடலாம்.

ஆற்றங்கரையை யார் கையில் வைத்திருக்கிறாரோ, சுற்றியுள்ள வறண்ட நிலமும் அவர் கைக்குள் வந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் இன்னொருவன் மாடு வைத்து என்ன செய்வான்? இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், அடுத்த நூற்றைம்பது ஆண்டுச் சண்டைகளும் புரிந்துவிடும்.

ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?

பீட்டர் ஃப்ரெஞ்ச், ஹியூ க்ளென் என்ற இருவரின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. க்ளென் மருத்துவம் படித்தவர். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் கோதுமை விளைவித்துப் பெரும் பணக்காரரானவர். அங்குள்ள க்ளென் மாவட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃப்ரெஞ்ச் 1849இல் மிசௌரியில் பிறந்து, கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்தவர். இளைஞனாக க்ளெனிடம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பங்காளியாகி, கடைசியில் மருமகனும் ஆனார்.

பணம் க்ளெனுடையது, உழைப்பு ஃப்ரெஞ்சுடையது. ஊர்ப் பெயரில் இருவரும் சமமாக இருந்தாலும், பள்ளத்தாக்கில் வாழ்ந்ததும் அங்கேயே செத்ததும் ஃப்ரெஞ்ச்தான்.

பீட்டர் ஃப்ரெஞ்ச் எப்போது வந்தார்?

1872இல். க்ளெனின் மாடுகள் சுமார் 1,200ஐ ஓட்டிக்கொண்டு, சில மெக்சிக வக்கேரோக்களோடும் (குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள்) ஒரு சீனச் சமையல்காரரோடும் கலிஃபோர்னியாவிலிருந்து வடகிழக்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 23.

பிளிட்சன் பள்ளத்தாக்கை அடைந்தபோது அங்கே போர்ட்டர் என்பவர் சில மாடுகளோடு ஒண்டியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மாடுகளையும், மாட்டுக்குச் சூடு போடும் ‘பி’ என்ற குறியையும், இடத்தின் மீது அவருக்கிருந்த உரிமையையும் ஃப்ரெஞ்ச் விலைக்கு வாங்கினார். அந்தச் சூட்டுக்குறியே பண்ணையின் பெயராகி, ‘பி’ பண்ணை ஆனது. இன்றைய ஃப்ரெஞ்ச்க்ளெனிலிருந்து கிழக்கே ஒன்றரை மைலில் அதன் மிச்சங்களைப் பார்க்கலாம்.

வக்கேரோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணையை எழுப்பியவர் ஃப்ரெஞ்ச் என்றே பலகைகள் சொல்கின்றன. ஆனால் கயிறு வீசி மாடு பிடித்தவர்கள், முரட்டுக் குதிரையைப் பழக்கியவர்கள், நூற்றுக்கணக்கான மைல் மந்தையை ஓட்டிச் சென்றவர்கள் இந்த மெக்சிகத் தொழிலாளிகள். ‘டெபோ’ என்று அழைக்கப்பட்ட பிரிம் ஒர்டேகோ, ‘சினோ’ பெர்டூகோ போன்ற ஓரிருவரின் பெயர்கள்தான் நிலைத்தன. மற்றவர்களின் பெயர்கள் பள்ளத்தாக்கின் நினைவில் தங்கவில்லை. கிழக்கு ஆரிகனின் பண்ணையாட்கள் இன்றும் தங்களைக் கௌபாய் என்று சொல்வதைவிட பக்கரூ என்று சொல்லிக்கொள்வது வக்கேரோ என்ற சொல்லின் வழியில் வந்ததுதான்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

வடக்குப் பயூட் என்ற பழங்குடி மக்களுடையது. ஏரிக்கரையில் வளரும் வாடா என்ற செடியின் விதையைச் சேகரித்து உண்டதால், இந்தப் பகுதியில் வாழ்ந்த கூட்டத்தாருக்கு வாடாட்டிகா என்று பெயர். ஃப்ரெஞ்ச் வந்த அதே 1872இல்தான் அமெரிக்க அரசு அவர்களுக்கென்று மல்யூர் ஒதுக்கீட்டுப் பகுதியை அறிவித்தது. பரப்பு சுமார் 18 லட்சம் ஏக்கர். பிளிட்சன் பள்ளத்தாக்கு அதற்குள் வரவில்லை. ஏரிக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது அது.

அறிவித்தார்களே தவிர, காப்பாற்றவில்லை. பண்ணைக்காரர்களின் மாடுகள் எல்லை தாண்டி மேய்ந்தன. சாமுவேல் பாரிஷ் என்ற அரசு முகவர் மக்களோடு நல்லபடியாக நடந்துகொண்டார். அவரை மாற்றிவிட்டு அனுப்பப்பட்ட வில்லியம் ரைன்ஹார்ட், வயிற்றுக்குப் போதிய உணவுகூடக் கொடுக்காமல் அவர்களை வாட்டினார். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த சாரா வினமக்கா என்ற பயூட் பெண் இதையெல்லாம் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பேசினார், எழுதினார்.

1878இல் ஐடஹோவில் பன்னாக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மல்யூர் பயூட்களில் ஒரு பகுதியினரும் அதில் இழுபட்டார்கள். போர் சில மாதங்களில் முடிந்தது. தண்டனை எல்லாருக்கும் கிடைத்தது, போரில் சேராதவர்களுக்கும். 1879 ஜனவரியில், கொட்டும் பனியில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயூட் மக்களை சுமார் 350 மைல் தொலைவிலுள்ள யாக்கிமா ஒதுக்கீட்டுப் பகுதிக்கு ஓட்டிச் சென்றார்கள். குழந்தைகளும் முதியவர்களும் வழியிலேயே இறந்தார்கள். ஒதுக்கீட்டு நிலம் கலைக்கப்பட்டு, வந்தவர்களுக்கெல்லாம் திறந்துவிடப்பட்டது.

ஹார்னி மாவட்டத்து மாட்டுப்பண்ணைகளின் பொற்காலம் என்று சொல்லப்படுவது சரியாக இதற்கு அடுத்த பத்தாண்டுகள். இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒன்று நடந்ததால்தான் மற்றது நடந்தது.

1878 போரில் பண்ணைக்கு என்ன ஆனது?

ஃப்ரெஞ்சும் அவர் ஆட்களும் டயமண்ட் என்ற பகுதியில் இருந்தபோது தாக்குதல் வந்தது. துப்பாக்கியோடு தான் பின்தங்கி நின்று ஆட்களைத் தப்பவைத்தார் ஃப்ரெஞ்ச். குதிரையிலிருந்து விழுந்த சீனச் சமையல்காரர் கொல்லப்பட்டார். பிறகு ஃப்ரெஞ்சும் அவர் ஆட்களும் ராணுவத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு தனிமனிதன் அவ்வளவு நிலத்தை எப்படிச் சேர்த்தார்?

சட்டத்தின் எல்லாக் கதவுகளையும் தட்டித்தான். ஒன்று, சதுப்பு நிலச் சட்டம். சதுப்பாகக் கிடக்கும் அரசு நிலத்தை மாநிலங்களிடம் கொடுத்து, வடிகால் வெட்டி விற்கச் சொல்லும் சட்டம் அது. 1860இல் ஆரிகனுக்கும் வந்தது. 1870இல் ஆரிகன் போட்ட விதிப்படி ஏக்கருக்கு ஒரு டாலர் விலை, முதலில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும், ஒருவர் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பே இல்லை. எது சதுப்பு, எது தரை என்று தீர்மானிப்பதில் நடந்த தில்லுமுல்லுகள் கொஞ்சநஞ்சமல்ல. மாட்டு வண்டிமேல் படகை ஏற்றி, படகுக்குள் உட்கார்ந்து வறண்ட தரைமேல் போய்விட்டு, “இந்த நிலத்தைப் படகில் கடந்தேன்” என்று சத்தியம் செய்த கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, குடியேறி உழுபவர்களுக்கு அரசு கொடுக்கும் குடியேற்ற நிலத்துக்குப் பண்ணையாட்களின் பெயரில் மனுப் போடவைத்து, பின்னர் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. மூன்றாவது, நேரடிக் கிரயம். நான்காவது, வேலி. புறம்போக்கு மேய்ச்சல் தரையையும் சேர்த்து வளைத்து முள்கம்பி போட்டுவிட்டால், வழக்குப் போட்டுப் பிரிக்கவே ஆண்டுகள் ஆகும்.

இப்படி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. உச்சத்தில் மாடுகள் மட்டும் 45,000 வரை இருந்ததாகச் சொல்வார்கள். விற்பனைக்கான மந்தைகள் தெற்கே நெவாடாவின் வினமக்கா ரயில் நிலையம் வரை சுமார் 200 மைல் நடந்தே போயின.

இதையெல்லாம் செய்தவரை நல்ல பண்ணைக்காரர் என்று சொல்லலாமா?

தொழில் தெரிந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை. தண்ணீரைக் கையாளத் தெரிந்தவர். கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, எங்கே தேக்க வேண்டும், எங்கே வடிக்க வேண்டும் என்று பள்ளத்தாக்கையே ஒரு வயலைப் போல நடத்தினார். 1889-90 குளிர்காலம் மேற்குப் பகுதிப் பண்ணைகளை அடியோடு அழித்தது. அவருக்கும் பெரும் நஷ்டம். அதற்குப் பிறகு கோடையில் புல் அறுத்துக் காயவைத்துப் போர் போடுவதில் இன்னும் தீவிரமாக இறங்கினார். குளிர்காலத்தில் மாடு தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை அந்த ஓர் ஆண்டோடு அந்தப் பிரதேசம் முழுக்கச் செத்தது.

குடும்ப வாழ்க்கை வாய்க்கவில்லை. 1883இல் க்ளெனின் மகள் எல்லாவை மணந்தார். அவர் பள்ளத்தாக்குக்குக் குடிவரவே இல்லை. 1891இல் விவாகரத்து ஆனது. திருமணம் நடந்த அதே 1883 பிப்ரவரியில் க்ளெனை அவருடைய முன்னாள் கணக்கர் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். க்ளென் விட்டுப்போன கடன் மலைபோல் இருந்தது. அதை அடைக்க ஃப்ரெஞ்ச் ஆண்டுக்கு ஆண்டு மாடுகளை விற்றுப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1894இல் பண்ணை ஃப்ரெஞ்ச்-க்ளென் கால்நடை நிறுவனமாகப் பதிவானது.

வட்டக் கொட்டகை என்பது என்ன?

ஃப்ரெஞ்ச் கட்டியவற்றில் இன்றும் நிமிர்ந்து நிற்பது. ஊரிலிருந்து தள்ளி, டயமண்ட் பக்கம் இருக்கிறது. 1880களில் கட்டியது. குறுக்களவு 100 அடி. உள்ளே நடுவில் 60 அடி குறுக்களவில் எரிமலைக் கல்லால் எழுப்பிய வட்டச் சுவர். அந்தச் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே 20 அடி அகலத்தில் ஒரு ஓடுபாதை சுற்றி வருகிறது.

உள்ளே போய் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் பிரம்மாண்டமான ஜூனிப்பர் மரத் தூண். அதிலிருந்து உத்தரங்கள் குடைக்கம்பிகளாக நாலாபுறமும் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. தூண்களின் முண்டும் முடிச்சும் அப்படியே இருக்கின்றன, இழைக்கவில்லை, செதுக்கவில்லை. குதிரைகள் உரசி உரசிச் சில தூண்கள் கீழ்ப்பக்கம் வழவழவென்று மின்னுகின்றன.

வெளியே பனி கொட்டும் மாதங்களில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பழக்குவதற்காகக் கட்டியது இது. மூலை இருந்தால் மிரண்ட குதிரை அங்கே போய் ஒடுங்கிக்கொள்ளும், திமிறும், ஆளை நசுக்கும். வட்டத்தில் ஒடுங்க இடமில்லை. ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இப்படி மூன்று கொட்டகைகள் பண்ணையில் இருந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஃப்ரெஞ்ச் எப்படி இறந்தார்?

1897 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மல்யூர் ஏரிப் பக்கம் சோட் ஹவுஸ் என்ற ஃப்ரெஞ்சின் இன்னொரு பண்ணை அருகே மந்தையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எட் ஆலிவர் என்ற குடியேறிய விவசாயி குதிரையில் வேகமாக வந்து ஃப்ரெஞ்சின் குதிரைமேல் மோதினார். ஆலிவரின் நிலம் ஃப்ரெஞ்சின் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய்வர வழி கேட்டு இருவருக்கும் நெடுநாள் தகராறு. ஃப்ரெஞ்ச் கையிலிருந்த வில்லோச் சாட்டையால் அவரை அடித்தார். ஆலிவர் துப்பாக்கியை எடுத்துத் தலையில் சுட்டார். ஃப்ரெஞ்சிடம் ஆயுதம் இல்லை. வயது 48.

1898இல் பர்ன்ஸ் நகரில் விசாரணை. ஜூரியாக உட்கார்ந்தவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லி ஆலிவரை விடுதலை செய்தார்கள். ஃப்ரெஞ்சின் உடல் கலிஃபோர்னியாவின் ரெட் ப்ளஃப் ஊரில் அடக்கமானது.

ஆயுதமில்லாத ஒருவரைச் சுட்டவரை ஏன் விட்டார்கள்?

ஜூரியின் கோபம் ஒரு சாட்டை அடியைப் பற்றியது மட்டுமல்ல, அதனால்.

1880களின் தொடக்கத்தில் மல்யூர் ஏரியை ஒட்டிய மணல்மேடு உடைந்து தண்ணீர் மேற்கே ஹார்னி ஏரிப் பக்கம் வடிந்தது. ஏரி சுருங்கியதும் ஆயிரக்கணக்கான ஏக்கர் புது நிலம் வெளியே வந்தது. அது யாருடையது? “என் நிலம் ஏரிக்கரை வரை, கரை நகர்ந்தால் என் நிலமும் நகரும்” என்றார் ஃப்ரெஞ்ச். “அரசு நிலம், நாங்கள் குடியேறுகிறோம்” என்றார்கள் சிறு விவசாயிகள். வீடு கட்டி, பிள்ளை பெற்று, புல் அறுத்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களை வெளியேற்றக் கேட்டு ஃப்ரெஞ்ச் வழக்குமேல் வழக்காகத் தொடர்ந்தார். அந்த வழக்குகள் நிலுவையில் இருக்கும்போதுதான் துப்பாக்கி வெடித்தது.

அதில் ஒரு வழக்கு, ஸ்பிரிங்கர் என்ற விவசாயிக்கு எதிரானது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1902இல் விவசாயிக்குச் சாதகமாக முடிந்தது. அப்போது ஃப்ரெஞ்ச் உயிரோடு இல்லை.

கொலையை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் ஜூரியின் மனநிலை எனக்குப் புரிகிறது. சட்டம் தெரிந்தவனும் பணம் உள்ளவனும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும்போது, 160 ஏக்கர் வைத்திருப்பவன் எங்கே போவான்? ஆனால் அந்த விவசாயிகள் உட்கார்ந்திருந்த நிலத்திலிருந்தும் இருபது ஆண்டுக்கு முன் இன்னொரு மக்கள் துரத்தப்பட்டிருந்தார்கள் என்பதை அந்த நீதிமன்றத்தில் யாரும் எழுப்பவில்லை.

பிறகு பண்ணை யார் கைக்குப் போனது?

போர்ட்லண்டின் ஹென்றி கார்பெட் தலைமையிலான குழு 1907 வாக்கில் வாங்கியது. பள்ளத்தாக்கைத் துண்டு துண்டாக விவசாயிகளுக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டு, வளைந்து நெளிந்து ஓடிய ஆற்றை இயந்திரம் வைத்து சுமார் 17 மைலுக்கு நேர்க்கோடாக வெட்டினார்கள். விற்பனை எடுபடவில்லை. ஆறு மட்டும் நேராகிவிட்டது. இன்றுவரை அது ஏற்படுத்திய கேடு தீரவில்லை. பின்னர் சிகாகோவின் இறைச்சி வணிகர்களான ஸ்விஃப்ட் குடும்பம் பணம் போட, கிழக்கு ஆரிகன் கால்நடை நிறுவனம் என்ற பெயரில் பண்ணை நடந்தது. இன்றிருக்கும் விடுதி அந்தக் காலத்துக் கட்டடம்.

அப்படியானால் ஊர் எப்போது தொடங்கியது?

ஒரு தேதியைச் சொல்ல முடியாத வகை ஊர் இது. யாரும் கூடித் திட்டம் போட்டுத் தெரு கிழிக்கவில்லை. பண்ணைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம், ஆட்களுக்குச் சாமான் வாங்கக் கடை, தபால், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

பக்கத்திலேயே நேர்மாறான உதாரணம் உண்டு. தென்மேற்கே காட்லோ பள்ளத்தாக்கில் 1910களில் மானாவாரி விவசாயம் செய்ய ஏராளமானோர் வந்தார்கள். 1909இல் வந்த சட்டப்படி 320 ஏக்கர் வரை இலவச நிலம். பிளிட்சன் என்ற ஊரே எழும்பியது: கடை, பள்ளி, தபால் நிலையம் எல்லாம். மழை பொய்த்தது, பத்துப் பதினைந்து ஆண்டில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று சில சரிந்த பலகை வீடுகள் மட்டும். ஆற்றோரம் இருந்த ஃப்ரெஞ்ச்க்ளென் பிழைத்தது.

பறவைகள் சரணாலயம் எப்படி வந்தது?

அதுவும் தண்ணீரால்தான். மேலைநாட்டுப் பெண்களின் தொப்பிகளுக்குக் கொக்கு இறகு தேவைப்பட்ட காலத்தில் வேட்டைக்காரர்கள் மல்யூர் ஏரியின் வெண்கொக்குகளைக் கூண்டோடு அழித்தார்கள். 1908இல் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரு புகைப்படக்காரர்கள் வந்து ஏரி முழுக்கத் தேடியும் ஒரு வெண்கொக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஃபின்லியின் முயற்சியால் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று ஏரியைப் பறவைகளுக்காக ஒதுக்கினார்.

ஏரியை ஒதுக்கினால் போதுமா? ஏரிக்கு வரும் ஆறு பண்ணையின் கையில் இருந்தது. 1930களின் வறட்சியில் ஏரி வறண்டே போனது. 1935இல் மத்திய அரசு ‘பி’ பண்ணை உட்பட பிளிட்சன் பள்ளத்தாக்கில் சுமார் 65,000 ஏக்கரை ஸ்விஃப்ட் தரப்பிடமிருந்து 6,75,000 டாலருக்கு வாங்கியது. வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாம்களின் ஆட்கள் வந்து மதகு, கரை, சாலை, வேலி எல்லாம் போட்டார்கள். ஃப்ரெஞ்ச் மாட்டுக்காகத் தேக்கிய தண்ணீரை இப்போது வாத்துக்காகவும் நாரைக்காகவும் தேக்கினார்கள். இன்று சரணாலயத்தின் பரப்பு சுமார் 1,87,000 ஏக்கர். வெண்கொக்குகள் திரும்பி வந்துவிட்டன.

1980களின் நடுவில் எதிர்ப்பக்க விபத்து. தொடர்ந்து பெய்த பனியால் ஏரிகள் ஒன்றாகி 1,80,000 ஏக்கர் வரை பரவின. கரையோரப் பண்ணைகள் பல வீட்டோடும் வேலியோடும் மூழ்கின.

2016இல் செய்திகளில் வந்த ஆயுத முற்றுகை இங்கேதான் நடந்ததா?

ஆம், சரணாலயத்தின் தலைமையகத்தில். சோட் ஹவுஸ் பண்ணைக்குப் பக்கத்திலேயே. டுவைட், ஸ்டீவன் ஹேமண்ட் என்ற தந்தை-மகன் பண்ணைக்காரர்கள் 2001இலும் 2006இலும் வைத்த தீ அரசு நிலத்துக்குப் பரவியது தொடர்பாகத் தண்டிக்கப்பட்டார்கள். முதலில் கிடைத்த குறைந்த தண்டனையை அனுபவித்து வெளியே வந்த பிறகு, சட்டப்படியான குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்று மேல்முறையீட்டில் சொல்லி மறுபடியும் சிறைக்கு அனுப்பினார்கள். உள்ளூரில் பலருக்கு அது அநியாயமாகப் பட்டது.

அதைச் சாக்காக வைத்து, அம்மன் பண்டி தலைமையில் வெளியூர் ஆட்கள் துப்பாக்கிகளோடு 2016 ஜனவரி 2 அன்று தலைமையகத்தைப் பிடித்தார்கள். 41 நாள் நீடித்தது. முற்றுகையிட்டவர்களில் ஒருவரான லவாய் ஃபினிகம் ஜனவரி 26 அன்று காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹேமண்ட்களுக்கு 2018 ஜூலையில் குடியரசுத் தலைவர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

“நிலத்தை அதன் உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடு” என்றது முற்றுகைக் கூட்டம். பர்ன்ஸ் பயூட் பழங்குடி மக்கள் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். அவர்களுடைய முன்னோர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான தொல்பொருள்கள் அந்தக் கட்டடத்தில்தான் பாதுகாக்கப்பட்டிருந்தன. யாக்கிமாவிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்து, பர்ன்ஸ் ஓரத்தில் கூடாரங்களில் வாழ்ந்து, 1968இல் அரசு அங்கீகாரமும் 1972இல் சொந்தமாகச் சிறிது ஒதுக்கீட்டு நிலமும் பெற்றவர்கள் அவர்கள்.

உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் முற்றுகையில் சேரவில்லை. அதற்கு ஒரு காரணம், பண்ணைக்காரர்கள், பயூட்கள், சரணாலய அதிகாரிகள், பறவை ஆர்வலர்கள் எல்லாரும் ஒரே மேசையில் பல ஆண்டு உட்கார்ந்து பேசி, 2013இல் சரணாலயத்துக்கான நிர்வாகத் திட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். சண்டையைவிடப் பேச்சு அலுப்பூட்டும் வேலைதான், செய்திகளில் வராது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள உருப்படியாக நடந்த ஒரே முயற்சி அது என்றே நினைக்கிறேன்.

இன்னும் மாடு மேய்க்கிறார்களா?

மேய்க்கிறார்கள். தெற்கே ரோரிங் ஸ்பிரிங்ஸ் பண்ணை, சொந்த நிலமும் அரசிடம் அனுமதி பெற்ற மேய்ச்சல் நிலமுமாகச் சுமார் பத்து லட்சம் ஏக்கரில் நடக்கிறது. சரணாலயத்துக்குள்ளேயே பறவைகள் குஞ்சு பொரித்துப் போன பிறகு புல் அறுக்கவும் மாடு விடவும் பண்ணைக்காரர்களுக்கு அனுமதி உண்டு. ஸ்டீன்ஸ் மலையில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 1,70,000 ஏக்கரைக் காட்டுப் பகுதியாக அறிவித்து, அதில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தில் மேய்ச்சலை நிறுத்தியது. அதற்குப் பதிலாகப் பண்ணைக்காரர்களுக்கு வேறு நிலம் மாற்றிக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

சிறு வகுப்புகளுக்கு ஊரிலேயே பள்ளி. உயர்நிலைக்கு கிரேன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்குள்ள அரசுப் பள்ளியோடு விடுதியும் இருக்கிறது. தினமும் போய்வர முடியாத தூரத்துப் பண்ணைப் பிள்ளைகள் வார நாள்களில் அங்கே தங்கிப் படித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

பார்க்கப் போனால் எப்போது போகலாம்? என்ன பார்க்கலாம்?

பறவைகளுக்கு ஏப்ரல், மே. மலைக்கு ஜூலைக்கு மேல். அதுவரை மேல்சாலையில் பனி கிடக்கும். எட்டு அறைகள் கொண்ட பழைய விடுதியை மாநிலப் பூங்காத் துறை வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இரவுச் சாப்பாடு எல்லாரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து பரிமாறிக்கொள்வது.

‘பி’ பண்ணை வீடு 1947இல் எரிந்துவிட்டது. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. நீளத் தொழுவத்தையும் அறுத்த மாட்டைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கப் பயன்பட்ட பெரிய மரச் சக்கரத்தையும் அவசியம் பாருங்கள். சோட் ஹவுஸ் பண்ணையை ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் திறப்பார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அங்குள்ள மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பர்ன்ஸிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. அதனால் வரைபடத்தைக் காகிதத்தில் கையோடு கொண்டுபோவது நல்லது.